நாலாம், அஞ்சாம் வகுப்பில் மாயாஜால நாவல்: டீச்சர் வாசிப்பதா, பிள்ளைகள் வாசிப்பதா?

தொடக்கப்பள்ளி வகுப்பில் ஒரு முழு மாயாஜால நாவலை நடத்திப் பார்க்கலாம் என்று ஆசிரியர்கள் பேச ஆரம்பித்ததும், எந்தப் புத்தகம் என்ற கேள்விதான் முதலில் வரும். அதற்கு முன்னால் தீர்க்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் புத்தகத்தை யார் வாசிக்கப்போகிறார்கள்? டீச்சர் உரக்க வாசித்துப் பிள்ளைகள் கேட்பதா, நாலு நாலு பேராக உட்கார்ந்து பிள்ளைகளே வாசிப்பதா, ஆளுக்கொரு பிரதி கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதா? மூன்றுக்கும் ஆகும் காசு வேறு, நேரம் வேறு, தோற்றுப்போகும் இடமும் வேறு. புத்தகத் தேர்வே இந்த முடிவைப் பொறுத்துத்தான் அமையும்.

இதை ஊகமாகத் தீர்மானிக்க வேண்டாம். ஒரு பாடவேளையில் சோதித்துவிடலாம். நினைத்திருக்கும் நாவலின் நடுவிலிருந்து ஏறக்குறைய 60 சொல் வரும் ஒரு பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கம் வேண்டாம், அது பெரும்பாலும் எளிதாக எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு பிள்ளையையும் தனியே மேசைக்குக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். வகுப்பு முன்னால் நிறுத்தி வாசிக்கச் சொன்னால் வாசிக்கத் தெரிந்த பிள்ளையும் திக்கும். அஞ்சு இடத்துக்கு மேல் நின்று எழுத்துக்கூட்டினால் அந்தப் புத்தகம் அந்தப் பிள்ளை தானாக வாசிப்பதற்கு இப்போது ஆகாது. வாசித்து முடித்ததும் “என்ன நடந்துச்சு?” என்று ஒரே ஒரு கேள்வி. கடகடவென்று வாசித்துவிட்டு இதற்குப் பதில் தெரியாமல் விழிக்கும் பிள்ளையையும் வாசிக்க இயலாதவர் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். 25 பிள்ளைகளுக்கு முக்கால் மணி நேரம் போதும்.

அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஏற்கெனவே பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து வைத்திருக்கிறோமே, அது போதாதா என்று தோன்றலாம். போதாது. மலர் நிலைப் பிள்ளை பாடநூல் பத்தியை நன்றாக வாசிக்கும். ஆனால் நாவலில் ஒரே பக்கத்தில் இடம் மாறும், ஆள் மாறும், பேசுவது யாரென்று சொல்லாமலே உரையாடல் ஓடும். அதற்கு வேறு பழக்கம் வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கச் சிறு நூல்களில் கடைசி நிலையான ‘பற’வைத் தாண்டிய பிள்ளைகளுக்குக்கூட 80 பக்க நாவல் பெரிய தாவல்தான்.

சோதனையில் பாதிக்கும் குறைவானவர்கள் தேறினால் உரக்க வாசிப்பு ஒன்றுதான் வழி. பாதிக்கு மேல், முக்கால்வாசிக்குள் என்றால் உரக்க வாசிப்பையும் குழு வாசிப்பையும் கலக்கலாம். முக்கால்வாசியைத் தாண்டினால் குழு வாசிப்பையே முதுகெலும்பாக வைக்கலாம். தனி வாசிப்பை முதல் சுற்றில் முழு வகுப்புக்கும் வைப்பதை எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டோம். காரணம் பின்னால் வருகிறது.

உரக்க வாசிப்புக்குப் பிரதி ஒன்று போதும். பெரிய வசதி இது. தமிழை நிதானமாக, இடைவெளி விட்டு வாசித்தால் நிமிடத்துக்கு 80 முதல் 100 சொல் போகும். படங்களோடு வரும் சிறார் நாவல் 12,000 முதல் 15,000 சொல் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 15 நிமிட வாசிப்பும் முன்னும் பின்னுமாக 5 நிமிடப் பேச்சும் என்று 8 முதல் 13 அமர்வில் முடிந்துவிடும். வாரம் மூன்று நாள் வைத்தால் மூன்று முதல் அஞ்சு வாரம். மதியச் சாப்பாடு முடிந்து வந்து உட்காரும் முதல் 20 நிமிடம் இதற்குத் தோதான நேரம். கணக்குக்கு ஓடாத மூளை கதைக்கு ஓடும். கடைசிப் பாடவேளையில் வைத்தால் வேன் பிள்ளைகளும் மினி பஸ் பிடிக்கிற பிள்ளைகளும் பையைக் கட்டிக்கொண்டுதான் கேட்பார்கள்.

இது கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். டீச்சர் அத்தியாயத்தை முன்கூட்டியே வாசிக்காமல் வந்திருப்பார். யார் பேசுகிறார் என்பது வரி முடிந்த பிறகுதான் அவருக்கே தெரியும், குரல் மாறாது, பிள்ளைகளுக்குப் பூதமும் பாட்டியும் ஒன்றாகிவிடும். முதல் நாள் இரவு ஒரு முறை வாயால் வாசித்து, நிறுத்த வேண்டிய மூன்று இடத்தில் பென்சில் கோடு போட்டால் தீர்ந்தது. இன்னொன்று, ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று பொருள் சொல்வது. அத்தியாயத்துக்கு மூன்று சொல்லுக்கு மேல் விளக்கக் கூடாது. அந்த மூன்றையும் வாசிப்புக்கு முன்பே பலகையில் எழுதிப் பேசிவிடுங்கள். மீதியைக் கதையே புரிய வைக்கும்.

பேச்சு வழக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வர்ணனையை அச்சில் இருக்கிறபடியே வாசியுங்கள். எழுத்துத் தமிழின் வாக்கிய ஓட்டம் காதில் விழுவதற்கு நம் பிள்ளைகளுக்கு இருக்கிற வாய்ப்புகள் குறைவு. அதைக் கெடுக்க வேண்டாம். உரையாடலை மட்டும் நம் திருநெல்வேலிப் பேச்சுக்கு மாற்றலாம். “இங்கே வா, பயப்படாதே” என்று பூதம் சொல்வதை “ஏல, இங்கன வா, பயப்படாத” என்று வாசித்தால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். ஆனால் கோமாளிக்கும் திருடனுக்கும் மட்டும் நெல்லைப் பேச்சு, நல்லவனுக்கும் ராணிக்கும் புத்தகப் பேச்சு என்று பிரித்துவிடாதீர்கள். தன் வீட்டுப் பேச்சு சிரிப்பதற்கான பேச்சு என்று ஒன்பது வயதுப் பிள்ளை சொல்லாமலே கற்றுக்கொள்ளும். மாற்றுவதானால் கதாநாயகனையோ நாயகியையோ முதலில் மாற்றுங்கள்.

குழு வாசிப்புக்கு 25 பிள்ளைக்கு ஆறு பிரதி. ஒரு புத்தகம் நூறு ரூபாய் என்றால் 600 ரூபாய். பாளையங்கோட்டையில் நடக்கும் பொருநை நெல்லை புத்தகத் திருவிழாவில் பத்து சதவீதக் கழிவில் வாங்கினால் 540. ஒரு குழுவுக்கு நாலு பேர் (ஒரு குழுவில் மட்டும் அஞ்சு பேர்): நன்றாக வாசிப்பவர் ஒருவர், நடுத்தரம் இருவர், எழுத்துக்கூட்டுபவர் ஒருவர். அப்படியே விட்டால் நன்றாக வாசிக்கும் பிள்ளையே எல்லாவற்றையும் வாசித்துவிடும். மற்ற மூன்று பேர் படம் பார்ப்பார்கள். இதைத் தடுக்க ஆளுக்கு ஒரு பத்தி என்று சுற்று வைப்பார்கள். அதில் எழுத்துக்கூட்டும் பிள்ளையிடம் நீளமான பத்தி வந்து சேர்ந்தால் குழுவே பொறுமை இழக்கும். அந்தப் பிள்ளைக்குப் பத்தி கொடுக்க வேண்டாம். கதையில் அடிக்கடி வரும், குட்டைக் குட்டையாகப் பேசும் ஒரு பாத்திரத்தை நாவல் முடியும்வரை அதற்கே கொடுத்துவிடுங்கள். பேசும் கிளியோ, பூனையோ, ஏதோ ஒன்று. ஒரே மாதிரி வரிகள் திரும்பத் திரும்ப வரும். மூன்றாவது அத்தியாயத்துக்குள் அந்தப் பிள்ளை தன் வரி வருவதற்காகக் காத்திருக்கும். மற்றவர் வாசிக்கும்போது வரியை விரலால் பின்தொடர்வதும் தானாக நடக்கும், ஏனென்றால் தன் இடத்தைத் தவறவிடக் கூடாது.

குழு வாசிப்பு மெதுவானது. நிமிடத்துக்கு 40, 50 சொல்தான் போகும். டீச்சர் 15 நிமிடத்தில் முடிக்கும் அத்தியாயம் ஒரு முழுப் பாடவேளையைத் தின்னும். சத்தம் இன்னொரு தொல்லை. ஈராசிரியர் பள்ளிகளில் ஒரே ஹாலில் இரண்டு மூன்று வகுப்பு உட்கார்ந்திருக்கும். ஆறு குழுவும் ஒரே நேரத்தில் வாய்விட்டு வாசித்தால் பக்கத்து வகுப்புக்கு ஒன்றும் நடக்காது. இரண்டு குழுவைத் திண்ணைக்கும் இரண்டு குழுவை வேப்பமரத்தடிக்கும் அனுப்ப இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே இதைத் தேர்ந்தெடுங்கள். இடம் இல்லையென்றால் ஒரு நாளைக்கு இரண்டு குழு வாசிக்க, மற்றவர்கள் பின்னால் சொல்லப்போகும் கதை வரைபட வேலையைப் பார்க்கட்டும்.

தனி வாசிப்புக்கு வருவோம். 25 பிரதிக்கு 2,500 ரூபாய் ஆகும். காசு கிடைத்தாலும், முதல் இரவே முடித்துவிட்ட இரண்டு பிள்ளைகள் மறுநாள் காலை பிரேயருக்கு முன்பே முடிவைச் சொல்லிவிடுவார்கள். எழுத்துக்கூட்டும் பிள்ளை நாலாம் பக்கத்தில் நின்றிருக்கும். மாயாஜாலக் கதைக்கு அடுத்து என்ன என்ற தவிப்புத்தான் உயிர். அது போன பிறகு புத்தகம் பையில் கிடந்து ஓரம் மடங்கும். ஆனால் வகுப்பில் ஒரு முறை முடித்த பிறகு அதே புத்தகம் வீட்டுக்குப் போவது அருமையான காரியம். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் எத்தனையோ வீடுகளில் அம்மா சாயங்காலம் தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருப்பார். கை வேலையில் இருக்கும், காது சும்மா இருக்கும். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து ஒரு அத்தியாயம் வாசித்துக் காட்டலாம். கதை ஏற்கெனவே தெரிந்திருப்பதால் திக்கினாலும் விட்டுவிடாது. அம்மாவுக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்பது அதற்குப் பெரிய தெம்பு.

ஆகவே நம் பக்கத்துப் பெரும்பாலான பள்ளிகளுக்கு எங்கள் தேர்வு: டீச்சர் உரக்க வாசிப்பதே அடித்தளம், உரையாடல் நிறைந்த மூன்று அத்தியாயங்களை மட்டும் குழு வாசிப்புக்கு ஒதுக்குவது. முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் குழுவிடம் கொடுக்கவே வேண்டாம். முதலாவதில் கதை உலகம் புரிய வேண்டும், கடைசியை எல்லாரும் ஒன்றாகக் கேட்க வேண்டும்.

இனிப் புத்தகம். உரக்க வாசிக்க மட்டும் என்றால் சிறிய எழுத்தாக இருந்தாலும் பரவாயில்லை. குழுவுக்கு என்றால் எழுத்து பெரிதாக, வரிக்கு வரி இடைவெளியோடு இருக்க வேண்டும்; நாலு பேர் ஒரு புத்தகத்தைப் பக்கவாட்டில் இருந்து எட்டிப் பார்க்கப்போகிறார்கள். அத்தியாயம் 1,500 சொல்லுக்குள் முடிய வேண்டும். இவற்றைவிட முக்கியம், கதையின் மாயத்துக்கு ஒரு சட்டம் இருப்பது. எதை நினைத்தாலும் நடந்துவிடும் என்றால் பிள்ளைகளுக்கு ஊகிக்க ஒன்றும் இல்லை. சூரியன் மறைந்த பிறகுதான் பொம்மை பேசும், மூன்று முறைக்கு மேல் பறக்க முடியாது என்பது போல ஒரு கட்டுப்பாடு இருந்தால், “இப்ப எப்படி டீச்சர் தப்பிப்பான்?” என்று வகுப்பே யோசிக்கும். முதல் இரண்டு அத்தியாயத்துக்குள் அந்தச் சட்டம் தெரியவில்லையானால் அந்தப் புத்தகத்தைத் தள்ளிவையுங்கள்.

மொழிபெயர்ப்புகளில் பலரும் முதலில் எடுப்பது 1865இல் வந்த ஆலிஸின் அற்புத உலகக் கதை. 12 அத்தியாயம், உருவம் சிறுத்துப் பெருப்பதும் மறையும் பூனையும் பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் மூலத்தின் நகைச்சுவையில் பெரும்பங்கு சொல் விளையாட்டு. அது தமிழில் பாதிக்கு மேல் உதிர்ந்துவிடும். அங்கே டீச்சர் மட்டும் சிரிக்க நேரும். 1943இல் பிரெஞ்சில் வந்த குட்டி இளவரசன், வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் நேரடியாகப் பிரெஞ்சிலிருந்து தமிழாக்கியது. 27 குட்டி அத்தியாயங்கள் என்பதால் நேரத்துக்குக் கச்சிதம். ஒவ்வொரு கோளாகப் போகும் பகுதி நாலாம் வகுப்புக்கும் சரியாக வரும். பாம்பு வரும் முடிவு கனமானது. வீட்டில் அண்மையில் சாவு நடந்த பிள்ளை வகுப்பில் இருந்தால் இந்த ஆண்டு இதை எடுக்காதீர்கள்.

தமிழிலேயே எழுதப்பட்டவற்றில் இரண்டைச் சொல்லலாம். கோவில்பட்டிக்காரரான உதயசங்கரின் ஆதனின் பொம்மை, சாகித்திய அகாதெமி சிறார் இலக்கியத்துக்குத் தரும் பால சாகித்திய புரஸ்கார் விருதை 2023க்குப் பெற்றது; கீழடியை ஒட்டிய கதை. நம் பிள்ளைகளுக்கு இதில் கூடுதல் வசதி உண்டு. திருச்செந்தூர் சாலையில் ஆதிச்சநல்லூர் இருக்கிறது. அகழ்ந்த இடத்திலேயே அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். நாவல் பாதியில் இருக்கும்போது கூட்டிப்போனால் முடித்த பிறகு போவதைவிடப் பலன் அதிகம், கேள்விகள் சூடாக இருக்கும். யெஸ். பாலபாரதியின் மரப்பாச்சி சொன்ன ரகசியம், 2020க்கான அதே விருது பெற்றது. பேசும் மரப்பாச்சி வழியாகப் பாதுகாப்பான தொடுதல், தவறான தொடுதல் பற்றிப் பேசுவது. அஞ்சாம் வகுப்புக்கு மிகத் தேவையான புத்தகம். ஆனால் தயாரிப்பு இல்லாமல் எடுக்கக் கூடாது. வாசிப்பு நடக்கும் நாட்களில் ஒரு பிள்ளை தனியே வந்து தனக்கு நடந்ததைச் சொல்லலாம். அப்போது வகுப்பில் வைத்து விசாரிக்கக் கூடாது, பெற்றோரைக் கூப்பிட்டுச் சமரசம் பேசக் கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் புகார் தெரிவிப்பது கட்டாயம். குழந்தைகள் உதவி எண்ணான 1098ம் தலைமையாசிரியரின் ஒத்துழைப்பும் முதல் அத்தியாயத்துக்கு முன்பே உறுதியாக இருக்க வேண்டும். அந்த உறுதி இல்லாத பள்ளி வேறு நாவலை எடுப்பது நல்லது.

நம் சீமையில் மாயாஜால நாவல் எடுக்கும்போது இன்னொரு நுட்பம் உண்டு. இங்கே பிள்ளைகளுக்கு இசக்கியம்மனும் சுடலைமாடனும் கதைப் பாத்திரங்கள் இல்லை, வீட்டுச் சாமிகள். கொடை என்னும் கோயில் விழாவில் வில்லுப்பாட்டில் அவர்கள் வரலாறு கேட்டு வளர்ந்த பிள்ளை, நாவலில் மரத்தில் இருக்கும் ஒரு பேயைப் பற்றி வாசித்ததும், “எங்க ஊர்லயும் இருக்கு டீச்சர், இசக்கி” என்று சொல்லும். “அதெல்லாம் பொய்” என்றால் அதன் வீட்டையே பொய் என்று சொன்னதாகும். “ஆமா, இருக்கும்” என்றால் பத்துப் பிள்ளைகள் இரவு தூங்காது. “அது உங்க வீட்டுச் சாமி, அதை நாம இங்க பேச வேண்டாம். இந்தக் கதையில வர்ற பேய்க்கு என்ன சட்டம், சொல்லு பார்ப்போம்” என்று கதைக்குள் திருப்பிவிடுங்கள். வெள்ளிக்கிழமை அமர்வை மட்டும் பயமான இடத்தில் நிறுத்த வேண்டாம்; இரண்டு நாள் இடைவெளியில் பயம் வளரும். மற்ற நாட்களில் அங்கேதான் நிறுத்த வேண்டும்.

பெற்றோரின் கவலையும் நியாயமானதே. மந்திரம், சூனியம் என்று வந்தால் கிறிஸ்தவ, முஸ்லிம் வீடுகளில் சிலர் மனம் ஒப்பமாட்டார்கள். இந்து வீடுகளிலும் செய்வினைப் பேச்சை விரும்பாதவர் உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் புத்தகத்தைக் கையில் கொடுத்து, கதையை முடிவோடு சேர்த்து அஞ்சு நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். விரும்புகிறவர் முதல் அமர்வில் வந்து உட்காரட்டும். பிள்ளை வாயால் பாதிக் கதை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு விளக்குவது பெரும்பாடு.

வாசிப்புக்குப் பிறகு என்ன செய்வது? வினா விடை எழுத வைப்பதுதான் வழக்கம். அதுதான் இருப்பதிலேயே பலன் குறைந்தது. இரண்டாம் அத்தியாயத்துக்குப் பிறகு பிள்ளைகள் கதைக்காக வராமல் கேள்விக்காக வருவார்கள். இரண்டு மாற்று சொல்கிறோம். சார்ட் தாளில் கதை உலகத்தின் வரைபடம்: முதல் நாள் ஒரு வீடு மட்டும், அடுத்த நாள் கிணறு, அதற்கடுத்து ஆறு என்று அத்தியாயத்துக்கு ஓரிடம் சேர்த்துக்கொண்டே போவது. வராத பிள்ளைக்கு அதைப் பார்த்தாலே கதை எங்கே நிற்கிறது என்று தெரியும். பென்சிலால்தான் வரைய வேண்டும். நாலாம் அத்தியாயத்தில் ஆறு வடக்கே ஓடுகிறது என்று தெரிந்தால் அழிக்க நேரும், அந்த வாக்குவாதத்தில்தான் பிள்ளைகள் புத்தகத்தைத் திரும்பப் புரட்டுவார்கள்.

வில்லுப்பாட்டு இன்னும் வலுவானது. அஞ்சு பேர் கொண்ட குழு. ஒரு எவர்சில்வர் குடம், ஒரு ஜால்ரா, இரண்டு கட்டை போதும். தலைமைப் பிள்ளை முன் அத்தியாயத்தை எட்டுப் பத்து வரியில் சொல்ல வேண்டும்; மற்றவர்கள் ஒவ்வொரு வரிக்கும் ஆமாம் போட வேண்டும். “கிணத்துக்குள்ள எட்டிப் பாத்தான்...” “ஆமா!” “உள்ள தண்ணியில்ல, வெளிச்சம்...” “ஆமா!” வரிசை பிசகினால் ஆமாம் போடுகிற பிள்ளையே “இல்ல, அதுக்கு முந்தி சாவி கெடச்சுச்சு” என்று திருத்தும். டீச்சர் கேள்வி கேட்டு வாங்க முடியாத கவனம் இது. தலைமைப் பிள்ளை நடுவில் மறந்து நிற்பது வழக்கம். நாலு குறிப்புச் சொல்லை மட்டும் எழுதிய அட்டையைக் குடத்தில் சாய்த்து வைக்கட்டும். முழு வரியும் எழுதிக் கொடுத்தால் ஒப்பித்துவிடும். முழுதும் மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டும், இல்லாவிட்டால் அன்றைய வாசிப்பு கெடும்.

எந்தப் பருவம்? இரண்டாம் பருவத்தை விட்டுவிடுங்கள். ஐப்பசி கார்த்திகை மழை விடுமுறையில் நூல் அறுந்துபோகும். தகரக் கூரைப் பள்ளியில் மழை பெய்யும்போது உரக்க வாசித்தால் இரண்டாவது வரிசைக்கே கேட்காது. உரக்க வாசிப்பை அடித்தளமாக வைத்தால் ஜூலையில் தொடங்கலாம். ஆனால் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குக் குடும்பத்தோடு போய்த் தங்கும் ஊர்களில் அந்த வாரத்தைத் தவிர்த்துக் கணக்குப் போடுங்கள். குழு வாசிப்புக் கூடுதலாக இருந்தால் பொங்கல் முடிந்து தொடங்குவது நல்லது. அதற்குள் இன்னும் நாலைந்து பிள்ளைகள் வாசிப்பில் தேறியிருப்பார்கள், பிப்ரவரி நடுவில் முடித்துவிடலாம்.

மூன்றாம் வகுப்பும் ஒரே அறையில் இருந்தால் அவர்களையும் உட்கார வையுங்கள். உரக்க வாசிப்பை அவர்கள் தாராளமாகத் தொடர்வார்கள். குழு வாசிப்பு நாளில் மட்டும் வரைபடத்துக்கு வண்ணம் தீட்டட்டும். நாவல் முடிந்த மறுநாளே ஆறு பிரதிகளையும் வகுப்பு அலமாரிக்கு மாற்றி, பெயரும் தேதியும் எழுத ஒரு நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட வேண்டும். ஒரு பிள்ளைக்கு மூன்று இரவு. பூட்டு வேண்டாம்.